ஆன்டான்செட்ரான் போட்டும் வாந்தி நிற்காவிட்டால் அடுத்து எது?

பெங்களூரில் வார்டு, அனஸ்தீசியா பணியில் இருக்கும் நம்மவர்களுக்கு வணக்கம். ஆபரேஷன் முடிந்து வருபவர்களின் வாந்திக்கு எந்த மருந்து மேல் என்று ஒப்பிட ஒரு படிவம் தயாரிக்கிறோம். உங்கள் உதவி தேவை.

தியேட்டரில் வாந்தி வராமலிருக்க ஆன்டான்செட்ரான் 4 மி.கி. போட்டாயிற்று, 6 மணி நேரத்துக்குள் வாந்தி. அதே மருந்தை மறுபடி போட்டுப் பெரிய பலன் இல்லை, வேறு வகை மருந்துதான் வேண்டும். கைக்குக் கிடைப்பது மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. ஆனால் அவசரத்தில் சட்டென்று ஏற்றினால் நோயாளி இருப்புக்கொள்ளாமல் தவிப்பார், டிரிப்பைப் பிடுங்கப் பார்ப்பார். இளவயதினருக்குக் கழுத்து திருகி, கண் மேலே செருகவும் செய்யும். குறைந்தது 3 நிமிடம் எடுத்து மெதுவாக ஏற்ற வேண்டும். குடல் அடைப்பு, பார்க்கின்சன் இருந்தால் தொடவே கூடாது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, மயக்கம் கொடுக்கும்போதே போட வேண்டிய மருந்து. வாந்தி தொடங்கியபின் உடனே கைகொடுக்காது, சர்க்கரையும் ஏறும்.

நீங்கள் இரண்டாவதாக எதைக் கொடுக்கிறீர்கள்? இசிஜியில் க்யூடி (இதயத்தின் மின் இடைவெளி) நீண்டிருப்பவர்களுக்கு என்ன செய்கிறீர்கள்? இதுதான் எங்களுக்குப் பெரிய சிக்கல்.

இன்னொன்று: வாந்தியை மட்டும் எண்ணினால் குமட்டலோடு கிடப்பவர் கணக்கில் வரமாட்டார். மருந்துக்கு முன்பும் 30 நிமிடம் கழித்தும் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்கிறோம். வெறும் சலைனிலேயே பலருக்குக் குறைவதால், டிரிப் ஓடியதா என்பதையும் குறிக்கிறோம். தமிழிலும் கன்னடத்திலும் இப்படிப் படிவம் வைத்திருப்பவர்கள், நோயாளி விவரம் இல்லாத வெற்றுப் படிவத்தைப் பகிருங்கள்.