மறு: ஜெனோகிரிஸ்ட் – பெரும்படிகமா, வந்தேறிப் படிகமா, அயற்படிகமா?

> ‘பெரும்படிகம்’ என்றே விட்டுவிடலாமே. கல்லில் கண்ணுக்குத் தெரிவது அதன் பருமன்தானே?

விட முடியாது ஐயா. நாம் தமிழ்ச் சொல் தேடும் ஜெனோகிரிஸ்ட், தன்னைச் சூழ்ந்த பாறைக்குழம்பில் விளையாமல் வேறெங்கோ விளைந்து அதில் அகப்பட்ட படிகம். அல்ஜீரியப் பாலைவனத்தில் 2020இல் கிடைத்த எர்க் செக் 002 விண்கல்லைப் பாருங்கள். ஆல்பைட்டு (சோடியம் கொண்ட வகை) மிகுந்த ஃபெல்ட்ஸ்பார், பைராக்சீன் ஆகிய கனிமங்கள் பின்னிய சிறுமணிப் பரப்பில் பச்சைப் பைராக்சீன் படிகங்கள் பதிந்திருக்கின்றன. சில 9 செ.மீ. வரை போகும். ‘பெரும்படிகம்’ என்றால் ஃபீனோகிரிஸ்ட்டும் அதில் அடங்கிவிடும். அது அதே குழம்பில் முந்தி விளைந்து பெருத்தது. இவையோ சுற்றியுள்ள பைராக்சீனைவிட மக்னீசியம் கூடியவை. பல மழுங்கியவை, சிலவற்றின் மேல் சிறுமணிப் பைராக்சீனே ஓடுபோல் வளர்ந்திருக்கிறது. வேறு குழம்பில் விளைந்து இதில் அகப்பட்டு, கரைந்து தீருமுன் உறைந்தவை.

பெயர் பிசகினால் கணக்கும் பிசகும். பச்சைப் படிகத்தோடு சேர்த்துப் பொடித்துப் பகுத்தால் மக்னீசியம் ஏறிவிடும்; அது குழம்பின் சேர்மானம் ஆகாது. சிறுமணிப் பகுதியைத் தனியே எடுக்க வேண்டும். அதில் சிலிக்கா எடையில் சுமார் 58 விழுக்காடு, சோடியமும் மிகுதி: ஆண்டிசைட்டு என்னும் எரிமலைப் பாறை வகை. கதிரியக்க அலுமினியம்-26 சிதைந்த வெப்பத்தில் காண்டிரைட்டுப் பொருள் (முன்பு உருகாத, தொடக்ககால விண்கல் பொருள்) கால்வாசி அளவே உருகினால் இப்படிப்பட்ட குழம்பு வரும். இந்தக் கல்லின் வயது சுமார் 456.5 கோடி ஆண்டுகள்.

‘வந்தேறி’ வேண்டாம். பொருள் பொருந்தினாலும் இன்று அது வசைச்சொல். என் பரிந்துரை ‘அயற்படிகம்’. ஜெனோலித்துக்கு (குழம்பில் அகப்பட்ட வேற்றுப் பாறைத் துண்டு) ‘அயற்பாறை’ என்று இணையும் கிடைக்கும், ஃபீனோகிரிஸ்ட்டுக்குத் ‘துலங்குபடிகம்’.

---

> என் பரிந்துரை ‘அயற்படிகம்’.

இரண்டு ஐயங்கள். ‘அயம்’ இரும்பு, விண்கல் கட்டுரையில் ‘அயப்படிகம்’ என ஓரெழுத்து மாறி அச்சானால் இரும்புப் படிகமாகிவிடும். அடுத்து, இந்தப் படிகங்கள் வேறொரு விண்பொருளிலிருந்து வந்தவை என்று வாசகர் எண்ணலாம்.

---

முதலாவது நியாயம். புணர்ச்சியை விட்டு ‘அயல்படிகம்’ என்றே எழுதுவோம், இலக்கணக்காரர்கள் பொறுத்துக்கொள்ளட்டும். ஜெனோலித்தும் ‘அயல்பாறை’ ஆகட்டும். இரண்டாவதற்கு வரையறையிலேயே ஒரு சொல் போதும்:

அயல்படிகம்: தன்னைச் சூழ்ந்துறைந்த குழம்பில் விளையாத படிகம்.

குழம்புக்குத்தான் அயல். தாய்க்கோள் ஒன்றா வேறா என்பதை இச்சொல் தொடுவதே இல்லை. குழம்பு குளிர்ந்த வேகமும் இதில் வராது: இந்தக் கல் 1200 முதல் 1000 பாகை செல்சியஸ் வரை ஆண்டுக்குச் சுமார் 5 பாகையாக மெல்லக் குளிர்ந்து, 900க்குக் கீழே மளமளவென்று குளிர்ந்தது, ஏதோ மோதல் தோண்டி எறிந்திருக்க வேண்டும். அதைப் பதிவின் விளக்கக் குறிப்பில் சேர்க்கலாம், சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.