தூங்குகிற வாடகைதாரரை மின்னஞ்சல் அனுப்பி எழுப்பலாமா?

தாழ்ப்பாள்:
செல்ஃப் ஸ்டோரேஜ் வளாகம் நடத்துகிறேன், அதாவது வீட்டுப் பொருள்களைப் பூட்டி வைக்க அறைகளை வாடகைக்கு விடுகிறேன். வாடகைதாரர்கள் எல்லோருக்கும் மாதம் தவறாமல் செய்திமடல் அனுப்பினால் காலி செய்பவர்கள் குறைவார்கள் என்று ஒரு விளம்பர நிறுவனம் நச்சரிக்கிறது. எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தத் தொழிலில் ஒப்பந்தம் மாதத்துக்கு மாதம்தான். யார் வேண்டுமானாலும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பூட்டைக் கழற்றிக்கொண்டு போகலாம். போகாமல் இருப்பவர் நம் மேல் உள்ள பாசத்தால் இருக்கவில்லை. வாடகை அவருடைய வங்கி அட்டையிலிருந்து தானாகக் கழிகிறது, பொருள் கண்ணில் படுவதில்லை, ஆள் மறந்துவிட்டார். அவருக்குப் போய் 'கம்பளி ஆடைகளைப் பாதுகாக்கச் சில யோசனைகள்' என்று எழுதினால், 'அந்தப் பழைய சோபாவுக்கா இன்னும் பணம் கட்டுகிறேன்?' என்றுதான் அவருக்கு நினைவு வரும். அடுத்த வாரமே வண்டியோடு வந்து நிற்பார்.

அஞ்சல்பெட்டி:
நான் மின்னஞ்சல் விளம்பர வேலை பார்ப்பவன், அதையும் சேர்த்தே படியுங்கள். ஐயா, மறதியை நம்பி எத்தனை நாள் கடை நடத்துவீர்கள்? குறைந்த வாடகை காட்டி ஆளைச் சேர்த்து, சில மாதம் கழித்து உயர்த்துவது இத்தொழிலில் பரவலான வழக்கம். அந்த உயர்வுக் கடிதம்தான் பல வாடகைதாரர்களுக்கு உங்களிடமிருந்து வரும் முதல் கடிதம். அவர் உடனே என்ன செய்வார்? உங்கள் இணையதளத்தையே திறந்து, அதே அளவு அறை புதியவருக்கு என்ன விலை என்று பார்ப்பார். அது தன் வாடகையைவிடக் குறைவு என்று தெரிந்த நிமிடமே அவர் மனத்தளவில் காலி செய்துவிட்டார். நீங்கள் எழுப்பாவிட்டாலும் உங்கள் உயர்வு எழுப்பிவிடும்.

தாழ்ப்பாள்:
அப்படியானால் உயர்வை யோசித்துச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். நடுவில் மடல் எதற்கு?

கணக்கர்:
இருவரும் 'காலி செய்வது' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு வெவ்வேறு பொருளைப் பேசுகிறீர்கள். பெரும்பாலோர் வைத்த காரணம் முடிந்ததும் போகிறார்கள்: வீட்டு வேலை முடிந்தது, மாற்றல் ஆயிற்று, சொத்துப் பிரிவினை தீர்ந்தது. இவர்களை எந்த மடலும் நிறுத்தாது. நிறுத்தவும் கூடாது.

தடுக்கக்கூடிய இழப்பு வேறு. அட்டை காலாவதியாகிறது. வாடகை கழியவில்லை. தாமதக் கட்டணம் ஏறுகிறது, வாயிற்கதவைத் திறக்கும் எண் தானாக முடங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்தவர், பின்னால் இன்னொரு வண்டி காத்திருக்க, அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டு நிற்கிறார். பாக்கியைக் கட்டுவார், அன்றே காலி செய்வதாகவும் சொல்வார். காலாவதி மாதத்துக்கு முன்பே இரண்டு வரி மின்னஞ்சல் போயிருந்தால் இது நடந்திருக்காது. என்னைக் கேட்டால், முதலில் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

தாழ்ப்பாள்:
அது கணக்கு அறிவிப்பு. அதற்கு நான் எதிரி இல்லை. அதை விளம்பரம் என்று சொல்லி என் தலையில் கட்டாதீர்கள்.

பத்துக்குப்பத்து:
நான் பூட்டின் மறுபக்கம் இருப்பவன், வாடகைதாரன். அம்மா இறந்த பிறகு அவருடைய பொருள்களை வைக்கத்தான் அறை எடுத்தேன். சேர்ந்த சில நாளில் 'புதிய தொடக்கத்துக்கு வாழ்த்துகள்!' என்று பலூன் படத்தோடு மடல் வந்தது. எழுதியவர் மேல் தப்பில்லை, என் கதை அவருக்குத் தெரியாது. தெரியாதவர் வாழ்த்தாமலாவது இருந்திருக்கலாம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாதிப் பொருளை உறவினர்களுக்குக் கொடுத்தபின் காலி செய்வதாக எழுதினேன். 'மீதி எவ்வளவு இருக்கிறது? இதில் பாதி அளவு அறை ஒன்று இதே தளத்தில் இருக்கிறது, மாறிக்கொள்கிறீர்களா?' என்று பதில் வந்தது. படமில்லை, தள்ளுபடி முழக்கமில்லை. மாறிக்கொண்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறேன்.

அஞ்சல்பெட்டி:
பாருங்கள், மின்னஞ்சல்தான் அவரைத் தக்கவைத்திருக்கிறது!

கணக்கர்:
அவர் எழுதிய கடிதத்துக்கு ஒரு மனிதர் பதில் எழுதியிருக்கிறார். அதைச் செய்திமடலின் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

மடலுக்கு வேறொரு ஆபத்தும் உண்டு. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர்களுக்கு விதிகளை இறுக்கிவிட்டன. நாளுக்கு 5,000 மடலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர் விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். ஒரு சிறு வளாகம் அந்த எண்ணிக்கையைத் தொடாது. ஆனால் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது சிறியவருக்கும் பொருந்தும். உங்கள் பலூன் மடலால் எரிச்சலடைந்தவர்கள் ஸ்பேம் பொத்தானை அழுத்தினால், அதே முகவரியிலிருந்து போகும் அட்டைக் காலாவதி அறிவிப்பும் ஸ்பேம் பெட்டிக்குள் விழக்கூடும். தேவையற்ற மடல் தேவையான மடலைச் சாகடிக்கிறது.

அஞ்சல்பெட்டி:
அதற்குத்தான் இரண்டையும் தனித்தனி துணை முகவரியிலிருந்து அனுப்புகிறோம். காரணம் தெரியாமல் வாழ்த்துவதும் தவறான வேலைதான். சேரும்போதே எதற்காக அறை என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும். எங்கள் மடல்களைப் பாதிப் பேருக்கு மேல் திறந்து படிக்கிறார்களே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்கர்:
2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவரின் மடலில் உள்ள படங்களை ஆப்பிளே முன்கூட்டி இறக்கிவிடுகிறது. படம் இறங்குவதை வைத்துத்தான் திறந்ததாகக் கணக்கிடுகிறீர்கள், எனவே ஆள் பார்க்காவிட்டாலும் 'திறந்தார்' என்று பதிவாகும். அந்த எண்ணைக் காட்டி இனி யாரிடமும் பணம் வாங்காதீர்கள். வாடகைதாரர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதிக்கு மடல், மறுபாதிக்கு வெறும் கணக்கு அறிவிப்பு. எந்தப் பாதியில் அதிகம் பேர் காலி செய்தார்கள் என்று மட்டும் பாருங்கள். சில நூறு அறைகள்தான் என்றால் ஒரு மாதத்தில் எதுவும் புலப்படாது, ஓர் ஆண்டாவது விட வேண்டும்.

அஞ்சல்பெட்டி:
எனக்குச் சம்மதம். வாடகை உயர்வு மட்டும் இரு பாதிக்கும் ஒரே மாதத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும்.

தாழ்ப்பாள்:
சரி, செய்து பார்க்கலாம். ஆனால் மூன்று ஆண்டுக்கு மேல் சத்தமில்லாமல் இருப்பவர்களை எந்தப் பாதியிலும் சேர்க்க மாட்டேன்.

கணக்கர்:
ஐயா, நீங்கள் கேட்ட கேள்வியே அவர்களைப் பற்றியதுதானே?