ஜெபத்தில் அக்காவின் பங்கு

பாளை அம்மா:
எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்குக் குடும்ப ஜெபம். மூத்தவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாவது. அவன் குறைமாதப் பிள்ளை. இருபது நாள் இன்குபேட்டரில் கிடந்தான். அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. போன வாரம் ஆமென் சொன்னதும் மகள் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "தம்பிக்குச் சளி, பசி, படிப்பு, தூக்கம்னு ஏழு காரியம் கேட்டீங்கம்மா. எனக்கு 'அக்காவையும் ஆசீர்வதியும்', அவ்வளவுதானா?"

எண்ணியிருக்கிறாள்! "உனக்குத்தான் ஒரு குறையும் இல்லையேம்மா" என்றேன். முகம் வாடிவிட்டது. கிறிஸ்துமஸ் துணி ஒரே விலையில் எடுக்கிறேன், கறித்துண்டைக்கூட எண்ணித்தான் வைக்கிறேன். ஓரவஞ்சனை நம்மிடம் கிடையாது என்று நினைத்திருந்தேன். உங்கள் வீடுகளில் எப்படி?

நாகர்கோவில்காரன்:
நான் மூத்த மகன் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பைபிளில் லூக்கா 15-ல், சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளையவனைக் கட்டிக்கொள்ள அப்பா ஓடினதைத்தான் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தோம். அதே அப்பா விருந்தை விட்டு வெளியே வந்து, கோபித்துக்கொண்டு நின்ற மூத்தவனையும் வருந்தி அழைக்கிறார். "எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது" என்கிறார். இதை அதற்கு முன் ஒரு நாளாவது அவனிடம் சொல்லியிருப்பாரா என்பது என் பழைய சந்தேகம். ஓர் ஆட்டுக்குட்டியாவது கொடுத்ததுண்டா என்றல்லவா கேட்கிறான்!

இரண்டு பையன்களின் அப்பா:
பைபிளில் யாக்கோபைப் பாருங்கள். அப்பா ஈசாக்குக்கு மூத்தவன் ஏசா செல்லம், அம்மா ரெபெக்காளுக்கு இளையவன் யாக்கோபு செல்லம் என்று பிரிந்துகிடந்த வீட்டில் வளர்ந்தவன். அந்தப் பாடு போதாதென்று தானும் பிள்ளைகளில் யோசேப்புக்கு மட்டும் பலவருண அங்கி செய்து கொடுத்தான். அண்ணன்மார் தம்பியை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். பைபிளிலேயே உபாகமம் 21-ல் ஒரு சட்டம் உண்டு: பிடிக்காத மனைவியின் மகன் மூத்தவனாக இருந்தால் இரட்டைப் பங்கு அவனுக்குத்தான். மனசு ஒரு பக்கம் சாயும் என்று தெரிந்தே கையைக் கட்டிப்போட்டிருக்கிறது.

எங்கள் சின்னவனுக்கு ஆட்டிசம். நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்கவே முடியாது, அந்த ஆசையை விட்டுவிட்டோம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பெரியவனோடு மட்டும் டீக்கடை. ஆளுக்கு ஒரு வாழைக்காய் பஜ்ஜி, அரைமணி நேரம். போன் வீட்டிலேயே இருக்கும். சில வாரம் அவன் பேசுவதே இல்லை, போகிற பஸ்களை எண்ணிக்கொண்டிருப்பான். சரி, பேசப் பிடிக்கவில்லை போல என்று ஒரு மழைநாளில் நான் கிளம்பாமல் இருந்தேன். குடையோடு வாசலில் நின்றான்.

பாளை அம்மா:
நேற்று ஜெபத்துக்கு முன்னால், "உனக்கு என்ன கேட்கட்டும்?" என்று மகளிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தாள். ஸ்கூல் வேனில் பக்கத்தில் உட்காருகிற பிள்ளை இவளோடு பேசுவதில்லையாம், இரண்டு வாரமாக. எனக்குத் தெரியவே தெரியாது. அதைத்தான் முதலில் கேட்டேன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. நடுவில் சின்னவன் ஒரு கண்ணைத் திறந்து, "எனக்கு எப்பம்மா?" என்றான்.