புதுப்பிப்பு: ஃபெட்ச்மெயில் ஒருவழியாக ஓடுகிறது
காட்பாடியில் எங்கள் அச்சகத்துப் பழைய டெபியன் லினக்ஸ் கணினியில், சேவையகத்திலிருந்து மின்னஞ்சல்களை இறக்கித் தரும் ஃபெட்ச்மெயில் நிரலை மூலநிரலிலிருந்து நிறுவும்போது, இணைப்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் கிடைக்கவில்லை என்று, தேவையானவை உள்ளனவா எனச் சரிபார்க்கும் கான்ஃபிகர் கட்டம் பாதியிலேயே நின்றுவிடுவதாகச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். அது தீர்ந்துவிட்டது. நூலகம் கணினியில் இருந்தது உண்மைதான். ஆனால் நிரலைத் தொகுக்கத் தேவையான தலைப்புக் கோப்புகள் லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்னும் தனிப் பொதியில் இருப்பதை நான் கவனிக்கவில்லை. அதை நிறுவியபின் கான்ஃபிகர், மேக் (தொகுத்தல்), மேக் இன்ஸ்டால் (நிறுவுதல்) மூன்றும் தடையின்றி முடிந்தன.

அடுத்த தடங்கல் ஃபெட்ச்மெயிலின் அமைப்புக் கோப்பில் வந்தது. கடவுச்சொல் அடங்கிய அந்தக் கோப்பின் அனுமதி 644 ஆக, அதாவது மற்றவர்களும் படிக்கும்படி இருந்ததால், 0700-க்கு மேல் (உரிமையாளரைத் தவிர யாருக்கும் அனுமதி) இருக்கக்கூடாது என்று சொல்லி நிரல் ஓட மறுத்தது. உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி 600 ஆக மாற்றியதும் அடங்கியது. கடையில் நால்வர் தனித்தனிக் கணக்குகளில் அதே கணினியைப் பயன்படுத்துவதால், இந்தக் கண்டிப்பு நியாயமானதே.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். அமைப்புக் கோப்பில் கீப் (வைத்திரு) என்ற சொல்லை எழுதாவிட்டால், இறக்கிய அஞ்சலை ஃபெட்ச்மெயில் சேவையகத்திலிருந்து அழித்துவிடும். நல்லவேளை, சோதனைக் கணக்கில்தான் முதலில் பார்த்தேன். சேவையகத்தில் காணாமல் போன ஏழு அஞ்சல்களும் நானே எனக்கு அனுப்பியவை. இப்போது ஐமேப் என்னும் அஞ்சல் நெறிமுறை வழியாக, அதன் மறையாக்கப்பட்ட இணைப்புக்கான 993 போர்ட்டில், 300 விநாடிக்கு ஒருமுறை வாடிக்கையாளர்களின் கல்யாணப் பத்திரிகை வாசகங்கள் வந்துசேர்கின்றன.