25,000 ரூபாய்க்கு மேல் வயர்லெஸ் ஹெட்போன்: வாங்கியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

சென்னையிலிருந்து

காதை முழுசாக மூடுகிற வயர்லெஸ் ஹெட்போனுக்கு இவ்வளவு பணம் போடலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4. 2020-இல் வந்த மாடல். அதற்குப் பிறகு 2022-இல் எக்ஸ்எம்5, 2025-இல் எக்ஸ்எம்6 என்று வந்துவிட்டன. இருந்தும் என்னுடையதை மாற்றத் தோன்றவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இந்த விலையில் நாம் காசு கொடுப்பது அமைதிக்கு, பாட்டுக்கு இல்லை. பாட்டு நன்றாகக் கேட்டால் போதும் என்பவருக்கு இதில் பாதி விலைக்கும் குறைவாக, வயர் உள்ள அருமையான ஹெட்போன்கள் கிடைக்கின்றன. வெளிச்சத்தத்தை அடக்கும் நாய்ஸ் கேன்சலிங் வேண்டுமென்றால்தான் இந்தப் பக்கம் வர வேண்டும்.

அதுவும் எல்லாச் சத்தத்தையும் அடக்காது. வெளியில் வரும் சத்தத்தை மைக் பிடிக்கிறது, அதற்கு நேர் எதிரான அலையை ஹெட்போன் உள்ளே எழுப்புகிறது, இரண்டும் சேர்ந்து அடங்குகின்றன. ஒரே சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்துக்கு இது பிரமாதமாக வேலை செய்யும். திடீரென்று வரும் சத்தத்துக்கும் கீச்சென்ற சத்தத்துக்கும் அவ்வளவாக எடுபடாது. என் வீடு மெயின் ரோட்டில் இருக்கிறது. வாசலில் தண்ணீர் லாரி இன்ஜினை அணைக்காமல் நிற்கும்போது அந்த உறுமல் சுத்தமாகக் காணாமல் போய்விடும். அதே லாரி ஹாரன் அடித்தால் தெளிவாகக் கேட்கும். குக்கர் விசிலும் கேட்கும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி கேட்கும். எந்தச் சத்தத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கிறீர்கள் என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

ஆபீஸ் மீட்டிங்குக்காக வாங்குபவர்களுக்கு இன்னொன்று. லேப்டாப்பில் ப்ளூடூத் வழியாகப் பேச ஆரம்பித்ததும் ஒலித் தரம் சட்டென்று பழைய டெலிபோன் மாதிரி இறங்கிவிடும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டியிருப்பதால் ப்ளூடூத் வேறு முறைக்கு மாறிக்கொள்கிறது, அவ்வளவுதான். மீட்டிங் செட்டிங்ஸில் மைக்குக்கு லேப்டாப்பையும், ஸ்பீக்கருக்கு மட்டும் ஹெட்போனையும் கொடுத்துவிடுங்கள். ஒலி பழையபடி வந்துவிடும்.

திருச்சியிலிருந்து

நான் வயலின் சொல்லிக்கொடுப்பவள். கச்சேரிப் பதிவுகள் கேட்பதுதான் என் முக்கியமான தேவை, அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்த வகை ஹெட்போன்கள் பலவற்றில் கம்பெனியிலிருந்து வரும்போதே பேஸ் தூக்கலாக இருக்கும். சினிமாப் பாட்டுக்கு அது இன்பமாக இருக்கலாம். கர்நாடகக் கச்சேரி போட்டால் மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த நாதம் தரும் இடது பக்கம், மட்டும் கும் கும்மென்று முன்னால் வந்து நிற்கும், வயலின் பின்னால் போய்விடும், தம்புரா ஒரு மங்கலான ரீங்காரமாகிவிடும். முதல் தடவை கேட்டபோது எனக்குத் தாங்கவே முடியவில்லை. அப்புறம் அதன் ஆப்பில் ஈக்வலைசரைத் திறந்து, பேஸ் அளவைக் குறைத்து, நடு அலைகளைக் கொஞ்சம் ஏற்றினேன். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் நாதம் தனியாக, வில் தந்தியில் உரசும் சத்தம் தனியாகக் கேட்க ஆரம்பித்தது. பழைய வானொலிப் பதிவுகளில் பாடகர் மூச்சு எடுப்பதுகூடத் தெரிகிறது. வாங்கியவர்கள் தயவுசெய்து அந்த ஆப்பைத் திறந்து பாருங்கள். நிறைய பேர் வந்த செட்டிங்கிலேயே கேட்டுவிட்டு, நன்றாக இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஆனால் வாசிக்கும்போது இது உதவாது. ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதமாக வரும். வீடியோ பார்க்கும்போது அது தெரியாது, ஏனென்றால் ஆப் படத்தையும் அதற்கேற்ப நிறுத்திக் காட்டும். தாளத்தை ஹெட்போனில் ஓடவிட்டுக் கூடவே கீபோர்டு வாசித்துப் பாருங்கள், ஒவ்வொரு தட்டும் பின்னால் விழும். என் மாணவர்களுக்குப் பயிற்சி நேரத்தில் வயர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

பெண்களுக்கு ஒரு விஷயம். கடையில் போட்டுப் பார்க்கும்போது தினமும் போடுகிற தோட்டோடு போட்டுப் பாருங்கள். தோட்டின் திருகு காதுக்குப் பின்னால் குத்தும், கடையில் அது தெரியாது, ஒரு மணி நேரம் கழித்துத்தான் வலிக்கும். கண்ணாடி போடுபவர்களுக்கும் இதே சிக்கல். கண்ணாடியின் கால் தடிமனாக இருந்தால் குஷன் சரியாக ஒட்டாமல் இடைவெளி விழும், அந்த வழியாகச் சத்தமும் உள்ளே வந்துவிடும்.

துபாயிலிருந்து

வருடத்தில் பல தடவை ஊருக்கு விமானத்தில் வந்து போகிறவன் நான். இந்த ஹெட்போனின் உண்மையான இடம் விமானம்தான். இந்தத் தொழில்நுட்பத்தின் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 1978-இல், போஸ் கம்பெனியை ஆரம்பித்த அமர் போஸ் ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் போகும் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டு கேட்கப் பார்த்திருக்கிறார். இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். அவருடைய அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன சுதந்திரப் போராட்டக்காரர். விமானிகளுக்கான ஹெட்செட்டாக அது விற்பனைக்கு வந்தது 1989-இல். நம்மைப் போன்ற பயணிகளுக்கு க்வைட்கம்ஃபர்ட் என்று வந்தது 2000-இல். ஒரு யோசனையை அத்தனை வருடம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த மனிதர் என்று அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நான் வைத்திருப்பதும் போஸ்தான். விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் போட்டுவிடுவேன். பாட்டே போடாமல் சும்மா போட்டுக்கொண்டு வந்தாலும், இறங்கும்போது முன்பெல்லாம் வரும் அந்தத் தலைபாரம் இருப்பதில்லை. ஆனால் சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங் போட்டதும் காதுக்குள் அழுத்துகிற மாதிரி இருக்கும். என் மனைவிக்கு அப்படித்தான், ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடுவாள். இதைப் பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. யாரிடமாவது வாங்கி அரை மணி நேரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விமானத்தில் சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் படம் பார்க்க 3.5 மிமீ வயர் வேண்டும். அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இங்கிருந்து ஊருக்கு யாருக்காவது வாங்கிப் போகும்போது, இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில்தான் பார்ப்போம் என்று சொல்லிவிடும்.

கோவையிலிருந்து

எல்லோரும் நல்லதைச் சொல்லிவிட்டீர்கள். வாங்கிக் கொஞ்ச காலம் ஆன பிறகு நடப்பதை நான் சொல்கிறேன்.

முதலில் போனது குஷன். அது தோல் மாதிரி இருந்தாலும் தோல் இல்லை. வியர்வையும் தலை எண்ணெயும் பட்டுப் பட்டு மேலே விரிசல் விட்டது, பிறகு உரிய ஆரம்பித்தது. கழற்றும்போதெல்லாம் காதோரத்திலும் கன்னத்திலும் கருப்புச் செதில் ஒட்டியிருக்கும். ஆன்லைனில் மலிவாக ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். மெத்தென்று இருந்தது, ஆனால் அது சரியாகப் பொருந்தாததால் பஸ் இன்ஜின் சத்தம் பழையபடி உள்ளே வர ஆரம்பித்தது. ஒரிஜினல் குஷன் தேடி மாட்டிய பிறகுதான் சரியானது.

அடுத்து கீல். காதுப் பகுதி திரும்புகிற இடத்தில், பிளாஸ்டிக்கில் முடி அளவுக்கு ஒரு கீறல் தெரிந்தது. கீழே போட்டதே இல்லை. ஒரு நாள் தலையில் மாட்டும்போது கையோடு வந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில், அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்ற மாட்டோம், வாரண்டியும் முடிந்துவிட்டது, புதிதாக வாங்கினால் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள். உள்ளே ஸ்பீக்கர், பேட்டரி, மைக் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காக மொத்தத்தையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். இவ்வளவு விலை வாங்குகிற கம்பெனி கீலைத் தனியாக விற்கக் கூடாதா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பேட்டரியும் ஒரு நாள் குறையும். சென்ஹைசர் மொமென்டம் 4-க்கு 60 மணி நேரம் என்று சொல்லும்போது அது எதற்கு அவ்வளவு என்று தோன்றலாம். அடிக்கடி சார்ஜ் போட வேண்டாம், அதனால் பேட்டரி தேய்வதும் மெதுவாகத்தான். எனக்கு அது பெரிய காரணம்.

மதுரையிலிருந்து

ஐபோன் வைத்திருப்பவர்கள், ப்ளூடூத்தில் கூடுதல் தரத்தில் ஒலி அனுப்பும் எல்டிஏசி என்ற முறை இருக்கிறது என்பதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம். ஐபோனில் அது ஓடாது, ஏஏசி என்ற வேறு முறைதான். ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஹெட்போனைப் பார்ப்பவர்கள் எடையையும் பாருங்கள். 2020-இல் வந்த அந்த மாடல் 385 கிராம் பக்கம். சோனியோ 250 கிராம் அளவுதான்.

என் மகன் படிக்கும்போது போடுகிறான் என்பதால் சத்த அளவைப் பற்றித் தேடிப் படித்தேன். பெரியவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம், பிள்ளைகளுக்கு 75 டெசிபல் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு சொல்கிறது. வெளிச்சத்தம் அடங்கிவிடுவதால் இவன் இப்போது குறைந்த வால்யூமிலேயே கேட்கிறான். அந்த வகையில் எனக்கு நிம்மதி. தெருவில் நடக்கும்போது மட்டும் போடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு கேள்வி. பழைய எக்ஸ்எம்4 ஒன்று பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

சென்னையிலிருந்து

வாங்கலாம் சார், ஆனால் நேரில் பார்த்து வாங்குங்கள். காதுப் பகுதியை மெதுவாகத் திருப்பி, கீலைச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். குஷனை விரலால் அழுத்தி, செதில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் புது குஷன் விலையைக் கழித்துக் கேளுங்கள். முழு சார்ஜில் வாங்கி, முடிந்தால் ஒரு நாள் வைத்திருந்து எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கவனியுங்கள். இந்த மாடல் புதிதாக இருந்தபோது நாய்ஸ் கேன்சலிங்கோடு 30 மணி நேரம். ஃபேனுக்குக் கீழே நின்று போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொரகொரவென்றால் மைக் போயிருக்கலாம், விட்டுவிடுங்கள். போலி நிறைய சுற்றுகிறது, அதனால் சோனியின் ஆப்பில் இணைத்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில்லும் கேளுங்கள்.