மரக்காணத்தில் உப்பின் மேலேடு கிடைக்குமா?

எல்லோருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். பல ஊர் உப்புகளைச் சமையலில் போட்டுப் பார்ப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம். எங்கள் வீட்டில் இப்போது கருப்பு உப்பு இல்லாமல் மோரே கிடையாது. அந்தக் கந்தக வாசனை கொஞ்ச நாளில் பழகிவிடும். பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்து இந்துப்பில் நிறத்தைத் தாண்டி எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

தேடுவது ஃப்ளர் த செல். பிரான்சின் மேற்குக் கரையில், கெராந்த் உப்பளங்களில், நல்ல வெயில் நாளில் பாத்தி நீரின் மேல் ஏடாகப் படியும் உப்பு. அது அடியில் இறங்குமுன் கையாலேயே வழித்தெடுப்பார்கள். கொதிக்கும் குழம்பில் போட்டால் வீண். வறுத்த வஞ்சிரத்தின் மேல் கடைசியில் தூவினால்தான் அந்த நொறுநொறுப்பு நாக்கில் தெரியும்.

புதுச்சேரியில் எந்தக் கடையில் இது சின்ன பாக்கெட்டாகக் கிடைக்கும்? மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்ப்பவர்கள், அல்லது அவர்களைத் தெரிந்தவர்கள் இங்கே இருந்தால் அவசியம் சொல்லுங்கள்: அங்கேயும் மேலே ஏடு படியுமா? தனியாக எடுத்துத் தருவார்களா? அயோடின் சேராதது என்று தெரியும், அன்றாடச் சமையலுக்கு இல்லை. கால் கிலோ போதும், கேட்கும் விலையைக் கொடுத்து நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.