18,000 கிலோமீட்டர் ஓடிய எக்ஸ்பல்ஸும் ஒரு துண்டு சாக்பீஸும்

கோத்தகிரியில் 2019ஆம் ஆண்டுப் பதிவுள்ள ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஒன்று விலைக்கு வந்திருப்பதாக அறிந்து, மெக்கானிக் நண்பர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு கோவையிலிருந்து போயிருந்தேன். ஒரே கை, 18,000 கிலோமீட்டர், அலுவலகம் போய்வர மட்டுமே ஓட்டியது என்று உரிமையாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். வண்டியும் கழுவித் துடைத்துப் பளபளவென்றுதான் நின்றது. டேங்கில் ஒரு கீறல்கூட இல்லை.

நண்பர் டேங்கைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து எஞ்சினுக்கு அடியிலிருக்கும் காப்புத் தகட்டைத் தடவினார். புதிதாக அடித்த கறுப்புப் பெயின்டுக்குக் கீழே மூன்று நெளிவுகள் விரலில் தட்டுப்பட்டன. தரையிலிருந்து 220 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் வண்டி அலுவலகப் பாதையில் எதன்மீது மோதியது என்று அவர் கேட்டதும், தேயிலைத் தோட்டத்து வழியாகச் சில தடவை போனதுண்டு என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

அடுத்து, தகட்டுக்குக் கீழே மரக்கட்டையை முட்டுக்கொடுத்து 21 அங்குல முன்சக்கரத்தைத் தூக்கி, ரிம்மில் படாமல் மயிரிழை தள்ளி ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு, சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வெள்ளைக்கோடு விழுந்தது; ரிம் அங்கே கோணியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டியபோது மற்றவையெல்லாம் ‘ணங்’ என்று ஒலிக்க, கோடு விழுந்த இடத்திலிருந்த நான்கு மட்டும் தளர்ந்துபோய் ‘டொக்’ என்றன. ஹேண்டில்பாரைத் திருப்பினால் நடுவில் ஓரிடத்தில் சிக்கியது; ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான கோன்செட் போயிருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் செம்மண் உறைந்து கிடந்தது. ஆனால் குளிர்ந்திருந்த எஞ்சின் பட்டனை அழுத்தியதுமே புகையின்றிப் பிடித்துக்கொண்டது.

மண்ணில் ஓட்டுவதற்கென்றே செய்த வண்டி மண்ணில் ஓடியதில் எனக்குக் குறையில்லை; அந்தக் கறுப்புப் பெயின்ட்தான் உறுத்தியது. வெளிவந்தபோது ஷோரூம் விலையே 1,05,000 ரூபாயாக இருந்த இந்த வண்டிக்கு 85,000 கேட்டவர், 72,000க்கு இறங்கினார். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் நீங்காமல் இருந்ததால், அவர் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கொடுத்து அதை நீக்கித் தரும்வரை 10,000 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொண்டேன். ஆறு வாரம் ஆயிற்று.

*

மேலே எழுதியவர் வாங்கிய கதையைச் சொன்னார்; நான் விற்றுப் பட்டதைச் சொல்கிறேன். என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கை வாங்கியவர் பணத்தை முழுதாகக் கொடுத்துவிட்டார் என்ற நிம்மதியில், பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் தேதியிடாமல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து அனுப்பிவிட்டேன். ஐந்து மாதத்தில் ஹெல்மெட் அணியாததற்கான அபராதச் செய்தி மூன்று முறை என் கைபேசிக்கு வந்தது. அபராதத்தைவிட என்னைக் கலக்கியது வேறு: பெயர் மாற்றாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் உள்ளவரே உரிமையாளர் என்ற முறையில் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. மறுநாள் விடியற்காலையிலேயே அவர் வீட்டு வாசலில் போய் நின்று, கையோடு அவரை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன். பெயர் மாறிவிட்டது, அந்த மூன்று அபராதங்களையும் கட்டியது மட்டும் நான்தான்.